கார்டின் விலையைக் கேட்குமுன் கணனியைத் திறந்து பாருங்கள்

“எந்த கிராபிக்ஸ் கார்ட் நல்லது?” கட்டுகஸ்தோட்டையில் உள்ள எனது கடைக்கு வரும் வியாபார நண்பர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. அழைப்பிதழ், அல்பம், திருமண வீடியோ என்று கணனியை நம்பிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு விடை தெரியும் என்பது அவர்களது எண்ணம். தெரியும்தான். ஆனால் அதை நஷ்டப்பட்டே படித்தேன்.

2023ஆம் ஆண்டு நடந்தது இது. என்னிடம் இருந்தது வெளிநாட்டு அலுவலகமொன்றில் பாவித்துக் கழித்து இங்கு இறக்குமதியான, கம்பனியிலேயே பொருத்தி வந்த கணனி. கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் சிறு கடைகள் பலவற்றில் இருப்பது இவ்வகைதான். வீடியோ வேலைக்கு அது திணறியதால், சக்தி கூடிய ஒரு பாவித்த கார்டை வாங்கினேன். அதற்குத் தனியாக ஆறு பின் மின் இணைப்புத் தேவை. எனது கணனியில் அந்த வயரே இல்லை. “பரவாயில்லை நானா, இதைப் போடுங்க” என்று, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் வயரில் மாட்டும் ஒரு கன்வெர்ட்டரை விற்றவர் தந்தார்.

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் இரவு பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பவர் சப்ளை போயிற்று. ஹார்ட் டிஸ்க்கும் கூடவே போயிற்று. அதில்தான் அக்குறணைப் புடவை வியாபாரி ஒருவரின் மகளுடைய திருமண வீடியோ இருந்தது. கெமரா மெமரி கார்டுகளை நான் ஏற்கனவே அழித்துவிட்டிருந்தேன். பாதியைத்தான் மீட்க முடிந்தது. முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் கோபிக்கவில்லை. “காசு எப்பவும் தேடலாம் மகன். மகள்ட கல்யாணம் திரும்ப வருமா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் குடும்பத்தின் ஓடர்கள் அத்துடன் நின்றன.

முதலில் பவர் சப்ளை

மதர்போர்டிலுள்ள ஸ்லொட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்ஸ் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ஆறு பின் வயர் இன்னும் 75 வாட்ஸும், எட்டுப் பின் வயர் 150 வாட்ஸும் கொடுக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் ‘சாட்டா’ வயரின் 12 வோல்ட் பகுதி தாங்குவது 54 வாட்ஸ் மட்டுமே. 75 வாட்ஸ் இழுக்கும் கார்டை அதில் மாட்டியதே நான் செய்த பிழை.

அலுவலகத்துக்கென்று செய்த கணனிகளில் பவர் சப்ளை அளவோடுதான் இருக்கும். உதாரணமாக, டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020இன் டவர் மொடலில் 290 வாட்ஸ், சிறிய மொடலில் 255 வாட்ஸ். பெரிய பவர் சப்ளையாக மாற்றலாமே என்று நினைக்கலாம். ஆனால் அதன் மதர்போர்ட் இணைப்பு எட்டுப் பின்னில் வேறு விதமாக இருப்பதால், சந்தையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை நேரடியாகப் பொருந்தாது.

ஆகவே இவ்வகைக் கணனிக்கு, தனி மின் வயர் கேட்காத, 75 வாட்ஸுக்கு மேற்படாத கார்டே ஏற்றது. 2019இல் வந்த ஜி.டி.எக்ஸ் 1650இல் பல மொடல்கள் அவ்வாறானவை. 2024இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 3050, 6 ஜி.பி. கார்ட் 70 வாட்ஸ்தான். அதே பெயரில் முன்பே வந்த 8 ஜி.பி. கார்டோ 130 வாட்ஸ் கேட்கும். பெயர் ஒன்றுதான், பசி வேறு. எனவே 6 ஜி.பி.யா 8 ஜி.பி.யா என்று பார்த்தே வாங்குங்கள்.

இடமும் இணைப்பும்

மூடியைக் கழற்றி அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஒல்லியான கணனிக்கு உயரம் குறைந்த ‘லோ புரொபைல்’ கார்டே உள்ளே போகும். புதிய கார்டுகளில் பழைய வி.ஜி.ஏ. துவாரமும் இல்லை. உங்கள் மொனிட்டர் பழையதென்றால் அதற்கான செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

என்ன வேலைக்கு?

பில், கணக்கு, ஸ்டொக், மின்னஞ்சல் இவற்றுக்குத் தனிக் கார்டே தேவையில்லை. அந்தப் பணத்தில் எஸ்.எஸ்.டி. ஒன்றும் கொஞ்சம் ரெமும் போட்டால் கணனி சுறுசுறுப்பாகும். வீடியோ வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜி.டி. 1030, ஆர்.எக்ஸ் 6400 ஆகிய கார்டுகளில் வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடர் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை வாங்கினால், அந்த வேலையின் சுமை புரொசசர் மீதே விழும்.

பாவித்த கார்ட் வாங்குவோர்

2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்ட் வைத்துத் தோண்டும் முறை முடிவுக்கு வந்தது. அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் பாவித்த பொருட்களின் சந்தைக்கு வந்தன. பழைய கார்டின் மென்பொருளை மாற்றிப் புதிய பெயரில் விற்பவர்களும் உண்டு. ஜி.பி.யூ-ஸெட் என்ற இலவச மென்பொருள் அத்தகைய போலிகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். விற்பவர் முன்னிலையிலேயே அதை ஓடவிட்டுப் பாருங்கள். வாரண்டியை வாய்ச்சொல்லாக அல்ல, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கணனியின் வயதும் முக்கியம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணனிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அத்தகைய கணனிக்கு விலை கூடிய கார்டை வாங்குவதானால், நாளை வாங்கப்போகும் புதிய கணனிக்கும் அது பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள்.

2024இல் நான் எனது கணனிக்கு அதே கம்பனியின் பவர் சப்ளையைத் தேடிப் போட்டு, 70 வாட்ஸ் கார்டைப் பொருத்தினேன். முன்பு இரவு முழுக்க ஓடிய வேலையை இப்போது மஃரிபுக்குப் பிறகு ஆரம்பித்தால் இஷாவுக்குள் முடிகிறது. ஒவ்வொரு திருமண வீடியோவையும் இரண்டு டிஸ்க்குகளில் பதிந்த பிறகே கெமரா கார்டை அழிக்கிறேன்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனாலும் சரி, கண்டி நகரிலேயே வாங்கினாலும் சரி, பவர் சப்ளையின் வாட்ஸ், உள்ளே இருக்கும் வயர்கள், கார்டுக்கான இடத்தின் நீளமும் உயரமும், செய்யும் வேலை, இந்த நான்கையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். துண்டு கையில் இருந்தால் கார்டைத் தெரிவு செய்பவர் நீங்கள். இல்லாவிட்டால் விற்பவர்தான் தெரிவு செய்வார்.