எஞ்சிய சோறும் வாயில்லாப் பிராணியும்

தாம் உண்ணுமுன் நாய்க்கு ஒரு பிடி சோறிடுதல் நம்மவர் பலரிடம் உள்ள நற்பண்பு. 1976-ஆம் ஆண்டு ஜனதா காலனியினின்று பெயர்க்கப்பெற்றுச் சீத்தா கேம்ப்பில் குடியேறிய நம் குடும்பங்களிடையேயும் அப்பண்பு குன்றவில்லை. ஆயினும், அன்போடு இடும் உணவே அவ்வாயில்லாப் பிராணிக்கு நஞ்சாகவும் கூடும் என்பதைத் தாய்மார்கள் அறிதல் வேண்டும்.

குற்றம் சோற்றில் இல்லை. அதன்மேல் ஊற்றும் குழம்பில் உள்ளது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பன. வேகவைத்தாலும் பொடித்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 150 கிராம் வெங்காயமே தீங்கு விளைக்கலாம். சிறிது சிறிதாகப் பல நாள் உண்பதும் கேடே. சோர்வு, ஈறு வெளுத்தல், சிறுநீர் கருஞ்சிவப்பாதல் ஆகிய குறிகள் சில நாள் கழித்தே தோன்றும். ஆதலின், ‘நேற்று உண்டது, இன்றும் நலமாகத்தானே உள்ளது?’ என்று வாளாவிருத்தல் கூடாது.

திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்பே அறிந்த செய்தி. அதற்குக் காரணம் டார்ட்டாரிக் அமிலமாகலாம் என 2021-ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். அவ்வமிலம் நிறைந்தது நம் புளி! புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதுற்றதையும் அவர்கள் கண்டுள்ளனர். ஆகவே புளிக்குழம்பு, இரசம், புளியோதரை, உலர்ந்த திராட்சையிட்ட பாயசம் ஆகியவற்றை விலக்குக. சாக்லேட்டும், சைலிட்டால் என்னும் இனிப்புக் கலந்த சூயிங்கமும் அத்தகையனவே. பிரியாணியில் எஞ்சும் எலும்பு வெந்தமையால் கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கவல்லது.

பின் எதைத்தான் இடுவது? வழி எளிது. குழம்பு ஊற்றுமுன் வெறுஞ்சோற்றில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்போம். உப்பும் மசாலாவும் சேராது வேகவைத்த, எலும்பு நீக்கிய கோழித்துண்டு, அவித்த முட்டை, காரட், பூசணி ஆகியவற்றை அதனோடு அளவாகச் சேர்க்கலாம். சோறு மட்டுமே நாய்க்கு முழு உணவாகாது.

தீயதை உண்டுவிடின், உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்தல் ஆகாது, அதுவும் நஞ்சே. உண்ட பொருள், அளவு, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, காலந்தாழ்த்தாது கால்நடை மருத்துவரை நாடுக. பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் கால்நடை மருத்துவமனை உளது.

நம் வாயிலில் காத்திருக்கும் உயிர், நாம் இடுவதை ஐயுறாது உண்கிறது. அந்நம்பிக்கைக்கு ஏற்ப நாம் ஆராய்ந்து இடுவோமாக.