கோதிக் எழுத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

மாகறல்ல எங்க சித்தப்பா பொண்ணு வினிதா கல்யாணம். பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயரை மட்டும் கோதிக் எழுத்தில், முழுக்கக் கேபிடலில் போட்டிருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பார்க்கக் கம்பீரமாத்தான் இருந்தது. ஆனா சென்னை உறவுக்காரர் ஒருத்தர் அதைப் பார்த்து மொய்க் காசோலையை 'பினிதா' என்று எழுதிட்டார். வங்கியில் திருப்பி அனுப்பிட்டாங்க. பெரியப்பா பத்திரிகையைத் தள்ளிப் பிடிச்சுப் பார்த்து, "இது பேராடா, சிக்குக் கோலமா?"ன்னார்.

எழுத்துரு என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். தேடிப் பார்த்தேன். அது எம்எஸ் ஆபீஸோடு வரும் 'ஓல்டு இங்கிலீஷ் டெக்ஸ்ட்'. இடைக்கால ஐரோப்பாவில் பட்டை நுனி இறகுப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதிய எழுத்தின் வாரிசு. வளைவெல்லாம் உடைந்து நேர்க்கோடாகிவிடும். நெருக்கி எழுதலாம், விலை அதிகமான தோலும் மிச்சம். 1455 வாக்கில் குட்டன்பர்க் அச்சிட்ட பைபிளும் இந்த வகைதான். (எழுத்துருப் பட்டியலில் இருக்கும் சென்சுரி கோதிக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அலங்காரமே இல்லாத எழுத்துக்கும் அமெரிக்காவில் கோதிக் என்றுதான் பெயர்.)

நெருக்கினதில் ஒரு சிக்கல். 'மினிமம்' என்ற சொல்லை ஆங்கிலச் சின்ன எழுத்தில் எழுதினால், ஒரே மாதிரி 15 குச்சிகள் வரிசையாக நிற்கும். எது எந்த எழுத்து என்று பிரிக்கத்தான் 'ஐ' தலையில் குறி போட ஆரம்பித்தார்கள். நம்ம ஓலைச்சுவடியிலும் இதே கதைதான். புள்ளி வைக்க மாட்டார்கள், ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

கேபிடல் இன்னும் மோசம். அது சொல்லின் தலையில் தனியாக நிற்கச் செய்த அலங்கார எழுத்து. பின்னால் வரும் சின்ன எழுத்துகள்தான் அது என்னவென்று காட்டிக் கொடுக்கும். எல்லாத்தையும் கேபிடலாக நிறுத்தினால் 'வி' சுருண்டு மூடிக்கொண்டு 'பி' ஆகிவிடுகிறது.

அப்ப இது எங்கே பொருந்தும்? நியூயார்க் டைம்ஸ் முகப்பில், சான்றிதழ் தலைப்பில், புல்லட் ஸ்டிக்கரில். அங்கெல்லாம் என்ன எழுதியிருக்குன்னு பார்க்கிறவருக்கு முன்னாலேயே தெரியும். முன்பின் தெரியாத பேரை எழுத்து எழுத்தாகத்தான் படித்தாக வேண்டும்.

எங்க ஊருக்குப் பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையை அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சிறுவன் எடுத்துத் தந்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். அப்புறம் அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். ஒரு பேருக்கு அத்தனை கண்.

அடுத்த மாசம் தம்பி கல்யாணம். இந்தத் தடவை அச்சகத்துக்கு நானே போனேன். 'திருமண அழைப்பு' என்கிற ஆங்கிலத் தலைப்பு மட்டும் கோதிக், முதல் எழுத்து மட்டும் கேபிடல். பேரெல்லாம் சாதா எழுத்து. டிடிபி பண்ற பையன் திரையைப் பார்த்துட்டு, "ரிச்சா இல்லியேண்ணே"ன்னான்.