என்எம்ஆர் கருவி தானாக ஓடினால் மாணவருக்கு என்ன வேலை?

கல்லூரி வேதியியல் செய்முறை வகுப்பில் ஆஸ்பிரின் தயாரிப்பது பழைய வழக்கம். சாலிசிலிக் அமிலத்தோடு அசெட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்து, சூடாக்கி, குளிரவைத்து வடிகட்டினால் வெள்ளைப் படிகம் கிடைக்கும். ஆனால், அது ஆஸ்பிரின்தானா? ஆரம்பத்தில் போட்ட சாலிசிலிக் அமிலமும் வெள்ளைப் பொடிதானே! இதைத் தீர்த்துவைக்கும் கருவிதான் என்எம்ஆர்.

என்எம்ஆர் என்றால் என்ன?

தமிழில் 'அணுக்கரு காந்த ஒத்ததிர்வு'. மருத்துவமனை எம்ஆர்ஐ ஸ்கேனுக்கும் இதே தத்துவம்தான். வலுவான காந்தப்புலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள், குறிப்பிட்ட ரேடியோ அலைக்குப் பதில் கொடுக்கும். அக்கம்பக்கத்தில் எந்த அணுக்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து அந்த அதிர்வெண் துளி மாறும். 1951-ல் ஆர்னால்டு, தர்மாட்டி, பேக்கார்டு ஆகியோர் எத்தனாலில் மூன்று தனித்தனி சிக்னல்களைக் காட்டினார்கள். ஒரே மூலக்கூறில் மூன்று வகை ஹைட்ரஜன்! இவர்களில் தர்மாட்டி இந்தியர். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் என்எம்ஆர் ஆய்வை வளர்த்தவர்.

எதெல்லாம் தானாக நடக்கிறது?

முன்பு ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒருவர் உட்கார்ந்து காந்தப்புலத்தைக் கையால் சீராக்க வேண்டும். ஒரு வகுப்புக்கே அப்படிச் செய்ய நேரம் ஏது? அதனால் யாரோ எப்போதோ எடுத்த ஸ்பெக்ட்ரத்தின் நகலைக் கொடுத்து 'இதைப் படி' என்பார்கள். இப்போது சாம்பிள் மாற்றி பொருத்திய கருவியில் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து, கணினியில் இடத்தின் எண், கரைப்பான், சோதனையின் பெயர் மூன்றையும் கொடுத்தால் போதும். குழாயை உள்ளே இறக்குவது, டியூட்டீரியம் சிக்னலைப் பிடிப்பது, காந்தப்புலத்தைச் சீராக்குவது, பதிவு செய்வது எல்லாம் கருவியின் பொறுப்பு. எளிய ஹைட்ரஜன் சோதனை என்றால் ஒரு சாம்பிளுக்குச் சில நிமிடங்கள்தான். திரவ ஹீலியம் தேவைப்படாத மேசைக் கருவிகளிலும் இந்த வசதி வந்துவிட்டது.

எங்கே சொதப்பும்?

கொடுத்த தகவல் சரியா என்று கருவி கேட்காது. இடத்தின் எண்ணை மாற்றிப் போட்டால் உங்கள் பெயரில் பக்கத்து மாணவரின் ஸ்பெக்ட்ரம் வரும். கரைப்பானைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் எல்லா சிக்னல்களும் இடம் மாறி நிற்கலாம். குழாயில் சுமார் 0.6 மில்லிலிட்டர் கரைசல் வேண்டும். அது குறைந்தாலோ, கரையாத துகள் மிதந்தாலோ கோடுகள் அகன்று போகும்.

ஸ்பெக்ட்ரம் வந்துவிட்டது, அப்புறம்?

இனிதான் வேதியியலே ஆரம்பம். டியூட்டீரியம் ஏற்றிய குளோரோஃபார்மில், ஆஸ்பிரினின் மீதைல் ஹைட்ரஜன்கள் 2.3 பிபிஎம் அருகே ஒரே கோடாக நிற்கும். வளையத்தின் நான்கு ஹைட்ரஜன்கள் 7.1-க்கும் 8.2-க்கும் இடையே வரும். இரண்டின் பரப்பளவு விகிதம் 3:4. கூடவே 2.1-ல் ஒரு கோடு தெரிந்தால் அசெட்டிக் அமிலம் சரியாகக் கழுவப்படவில்லை. 6.9, 7.0 அருகே புதுக் கோடுகள் இருந்தால் சாலிசிலிக் அமிலம் மிச்சமிருக்கிறது. 7.26-ல் தெரிவது கரைப்பானின் மிச்சம். அதை மருந்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நகல் தாளில் இந்த அழுக்கெல்லாம் இருக்காது. அது சுத்தமான சாம்பிளில் எடுத்தது. தன் குழாயில் எடுத்த ஸ்பெக்ட்ரத்தில்தான், சரியாகக் கழுவாத படிகம் எங்கே காட்டிக்கொடுக்கிறது என்று மாணவர் பார்க்க முடியும். 'இந்தக் கோடு எங்கிருந்து வந்தது?' என்று வைவாவில் கேட்டால், அதற்குப் பதில் அவரிடம்தான் இருக்கும்.