கோழி கிளறிய மண்

மாம்பழத்தை நறுக்கினால் உள்ளே வெள்ளைப் புழு நெளிவது புதிய சங்கதியல்ல. அரிவாள்மனையில் பழத்தை வகிர்ந்த பாட்டிகள் கெட்ட பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைத்தார்கள். யாரும் பதறவில்லை. ஆனால் புழு விழுந்த பழம் அன்று பத்தில் ஒன்றிரண்டாக இருந்தது. இன்று சில வீட்டு மரங்களில் நல்ல பழத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

இது பழ ஈயின் வேலை. காய் முற்றிப் பழுக்கும் பருவத்தில் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். வெளியே சின்னக் கரும்புள்ளிதான் தெரியும். பழம் விழுந்ததும் புழு வெளியே துள்ளி, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. பழைய கொல்லையில் அதற்கு இங்கேதான் ஆபத்து காத்திருந்தது. உதிர்ந்த பழம் விடிந்ததும் மாட்டுக்குப் போய்விடும். தப்பி மண்ணுக்குள் போனதைக் கோழி கிளறித் தின்றுவிடும். அதேபோல், எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் வேறொரு புழுவைப் பிள்ளைகள் குச்சியால் தட்டிவிடுவார்கள். இதற்கென்று யாரும் தனியாக மெனக்கெடவில்லை. வீடு நடந்த விதமே அப்படி.

அதற்காக அன்று செய்ததெல்லாம் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பைப் பந்தம் கொளுத்திப் பொசுக்கியவர்களும் நம்மவர்கள்தான். கடி அப்படி! அதே எறும்பைத் தென்சீனத்தார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சுத் தோப்பில் காவலுக்கு விட்டிருக்கிறார்கள்.

பிறகு பூச்சிக்கொல்லிப் பவுடர் வந்தது. வயலுக்கு வாங்கிய பி.எச்.சி. மிஞ்சினால் கொல்லை மரத்துக்கும் விழுந்தது. அதற்கு 1997-ல் தடை, எண்டோசல்ஃபானுக்கு 2011-ல். பூக்கும் நேரத்தில் கண்மூடித்தனமாக அடித்தால் காய் பிடிக்க வைக்கும் ஈக்களும் தேனீக்களும் சாகும். பழத்துக்குள் இருக்கும் புழு மட்டும் சௌக்கியமாக இருக்கும்.

இப்போது கோழி இல்லை, மாடு இல்லை. உதிர்ந்த பழம் மதில் ஓரத்தில் கிடந்தே அழுகுகிறது. அன்று சும்மா நடந்ததற்கு இன்று காசு கொடுக்கிறோம். மீதைல் யூஜினால் பொறி ஆண் ஈக்களை இழுத்துக் கொல்லும். துளசியிலும் இருக்கிற வாசனைப் பொருள்தான் அது. ஒரு வீட்டில் மட்டும் மாட்டினால் அடுத்த வீட்டு ஈ வந்து முட்டையிட்டுப் போகும்; தெருவே சேர்ந்து மாட்டினால் பலன் உண்டு. கொய்யாவுக்கும் மாதுளைக்கும் பிஞ்சிலேயே காகிதப் பையோ துணிப்பையோ கட்டிவிடலாம். அலுப்பான வேலைதான், ஆனால் இதைவிட நம்பகமானதை நான் பார்த்ததில்லை. உதிர்ந்ததைப் பொறுக்கி ஆழப் புதைப்பதற்கு மட்டும் இன்றும் செலவில்லை.

பப்பாளி விஷயத்தில் இன்றைய கை ஓங்கியிருக்கிறது. 2008-ல் கோவைப் பக்கம் ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோவைச் சேர்ந்த அது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. உடம்பெல்லாம் மெழுகு மாவு. அடித்த மருந்து ஒட்டாமல் வழிந்தது. பலர் மரத்தையே வெட்டினார்கள். நம் கொல்லைக் கோழிக்கும் தூவுகிற சாம்பலுக்கும் அடங்குகிற பூச்சியல்ல அது. 2010-ல் புவெர்ட்டோ ரிகோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவியை வரவழைத்து, பெங்களூரில் பெருக்கித் தமிழ்நாட்டில் விட்டார்கள். நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்தபடியே பூச்சியைத் தின்றுவிடும். சில மாதங்களில் பப்பாளி மறுபடி துளிர்த்தது.

கோடையில் அந்த மாவு இப்போதும் எட்டிப் பார்க்கும். உடனே தெளிப்பானை எடுக்காமல், இலையின் அடியை ஒரு லென்ஸில் பாருங்கள். பூச்சிகள் உப்பிப் பழுப்பாகி இறுகியிருந்தால் குளவி வேலையில் இறங்கிவிட்டது என்று பொருள். மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். அந்த இலையைக் கிள்ளி, மாவு அப்பிக் கிடக்கிற பக்கத்து வீட்டுப் பப்பாளியில் கட்டிவிடுங்கள்.