மூன்றாவது கன்று யாரைப் போல் வரும்?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்குப் பேருந்தில் ஏறியவர்கள் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளை எளிதில் மறக்க மாட்டார்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக எங்கள் கல்லூரி மாணவர்களுடன் நானும் ஒருமுறை அங்கே சென்றிருந்தேன். செம்மேட்டுக்கு அருகில் ஒரு சிற்றூரில் பத்து நாள் தங்கினோம். நான் இயற்பியல் ஆசிரியன். ஆனால் அங்கே என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இயற்பியல் பற்றியது அன்று, மாட்டைப் பற்றியது.

கேட்டவர் ஓர் அம்மா. அவரிடம் ஒரு கலப்பினப் பசுவும் அதன் மூன்று மகள்களும் இருந்தன. மூத்த மகள் நாளுக்கு 7 லிட்டர் பால் கறக்கிறது. இரண்டாவது மகளோ 4 லிட்டர்தான். மூன்றாவது, பிறந்து மூன்றே மாதமான கிடாரிக் கன்று.

“மூணும் ஒரு தாய்க்குப் பொறந்ததுங்க சார். சினை ஊசியும் ஒரே காளையோடதுதான், அட்டையைப் பாருங்க. அப்புறம் ஏன் ஒண்ணு கறக்குது, ஒண்ணு கறக்க மாட்டேங்குது? இது பெரியக்கா மாதிரி வருமா, சின்னக்கா மாதிரி வருமா? நல்ல விலைக்குக் கேக்கறாங்க. வெச்சுக்கட்டுமா, வித்துடட்டுமா?”

கருவூட்டல் அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் காளையின் எண் ஒன்றேதான். மூத்தது இப்போது இரண்டாம் ஈற்றில் இருப்பதால் பால் கூடியிருக்குமோ என்று கேட்டேன். “இல்லைங்க, தலையீத்துலயே ஏழு கறந்தது” என்றார். கன்றை வைத்துக்கொண்டால் அது கறவைக்கு வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அத்தனை நாளும் தீவனச் செலவு உண்டு. கடைசியில் அது சின்னக்காவைப் போல் ஆகிவிட்டால்? அந்தக் குடும்பத்துக்கு இது சிறிய கேள்வி அல்ல.

மாணவர்களே, உலகெங்கும் உள்ள கால்நடை அறிவியலாளர்கள் பல ஆண்டுகளாக விடை தேடிய கேள்வியும் இதுதான். அவர்கள் கண்ட விடையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

சீட்டுக் குலுக்கல்

பசுவின் உயிரணு ஒவ்வொன்றிலும் 60 குரோமோசோம்கள், அதாவது 30 இணைகள் உள்ளன. (நமக்கு 23 இணைகள்.) ஓர் இணையில் ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தந்தையிடமிருந்து வந்தது. இந்தப் பசுவின் உடலில் ஒரு கருமுட்டை உருவாகும்போது ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்றே ஒன்றுதான் அதற்குள் போகிறது. எது போகும் என்பது நாணயத்தைச் சுண்டிவிடுவது போன்றது.

30 நாணயங்களைச் சுண்டினால் எத்தனை விதமாக விழலாம்? 2-ஐ 30 முறை பெருக்கிப் பாருங்கள். 107 கோடிக்கு மேல் வரும். காளையின் விந்தணுவுக்கும் இதே கணக்குத்தான். அத்தோடு, இணைக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதும் உண்டு. அதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் பெருகும்.

ஆகவே ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தாலும் இரண்டு கன்றுகள் பெறும் மரபணுத் தொகுதிகள் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு மாட்டுக் கூட்டத்தில் பால் அளவில் காணும் மரபு வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி, உடன்பிறந்த கன்றுகளுக்கு இடையிலேயே இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரியக்காவும் சின்னக்காவும் வேறுபட்டதில் வியப்பே இல்லை.

தீவனமா, மரபா?

ஆனால் அவசரப்படக் கூடாது. பால் அளவை மரபு மட்டும் தீர்மானிப்பதில்லை. தீவனம், தண்ணீர், வெயில், நோய், எத்தனையாவது ஈற்று, கறப்பவரின் கை எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஒரு கூட்டத்துப் பசுக்களிடையே காணும் பால் வேறுபாட்டில் மரபின் பங்கு சுமார் 30 விழுக்காடு என்று கொள்ளலாம். எஞ்சியதில் பெரும் பகுதி சூழ்நிலையின் வேலை.

ஒரு கூட்டத்தின் சராசரி 5 லிட்டர் என்போம். அதில் 7 லிட்டர் கறக்கும் பசு சராசரியைவிட 2 லிட்டர் அதிகம் கறக்கிறது. இந்த 2 லிட்டரும் மகளுக்குப் போய்ச் சேருமா? சேராது. இதில் 30 விழுக்காடு, அதாவது 0.6 லிட்டர்தான் மரபால் வந்தது என்று எதிர்பார்க்கலாம். மகள் பெறுவது அதிலும் பாதி, 0.3 லிட்டர். மறுபாதி காளையைப் பொறுத்தது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. காளை பால் கறப்பதில்லை! பிறகு அதன் பால் திறனை எப்படி அளப்பது?

ஊசலும் காளையும்

பள்ளி ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை செய்திருப்பீர்கள். ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தை மட்டும் அளந்து விட்டுவிடுகிறோமா? இல்லை. 20 அலைவுகளுக்கு நேரம் கண்டு, அதையும் பல முறை செய்து சராசரி எடுக்கிறோம். கை நடுக்கத்தால் வரும் பிழைகள் ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். சராசரியில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

காளைக்கும் அதே உத்திதான். அதன் மகள்கள் பல வீடுகளில், பல ஊர்களில் வளரட்டும். ஒரு வீட்டில் நல்ல தீவனம், மற்றொன்றில் பஞ்சம். எல்லா மகள்களின் பால் அளவையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் தீவன வேறுபாடுகள் பெரும்பாலும் அழிந்துபோகும். காளை கொடுத்த மரபு தெரியவரும். இதற்குச் சந்ததிச் சோதனை என்று பெயர்.

ஒன்றுமே தெரியாத நிலையை 0 என்றும், முழுவதும் தெரிந்த நிலையை 100 என்றும் வைத்துக்கொள்வோம். மரபின் பங்கு 30 விழுக்காடாக இருந்தால், ஒரே ஒரு மகளை அளந்தால் கிடைக்கும் நம்பகம் சுமார் 8. பத்து மகள்களை அளந்தால் 45. நூறு மகள்களை அளந்தால் 89. ஊசலைப் போலவே இங்கும் அளவீடுகள் பெருகப் பெருகப் பிழை குறைகிறது.

குறை ஒன்றுதான், காலம். காளைக் கன்று வளர்ந்து விந்து தர ஒன்றரை, இரண்டு ஆண்டுகள். மகள்கள் கருவில் இருப்பது 9 மாதங்கள். அவை வளர்ந்து கன்று ஈனச் சுமார் மூன்று ஆண்டுகள். ஓர் ஈற்றுப் பாலை அளக்கப் பத்து மாதங்கள். எல்லாம் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஓடிவிடும். மேலும், இத்தனை பாடுபட்டு நல்ல காளையைக் கண்டுபிடித்தாலும், அதன் எந்தப் பாதி எந்தக் கன்றுக்குப் போனது என்பது தெரியாது. மூன்றாவது கன்றின் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஐம்பதாயிரம் அடையாளங்கள்

2001ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த மியூவிசென் என்பவரும், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹேய்ஸ், காடர்ட் என்ற இருவரும் சேர்ந்து ஒரு வழி சொன்னார்கள். பசுவின் டி.என்.ஏ. சுமார் 270 கோடி எழுத்துகள் கொண்ட நீண்ட ஏடு. பெரும் பகுதி எல்லாப் பசுக்களிலும் ஒன்றே. ஆனால் சில இடங்களில் ஒரு பசுவில் ‘ஏ’ என்றிருப்பது மற்றொன்றில் ‘ஜி’ என்றிருக்கும். அத்தகைய இடங்களை ஏடு முழுவதும் பரவலாக எடுத்துக்கொண்டால், எந்தக் கன்றுக்கு எந்தத் துண்டு போனது என்று சொல்ல அவை மைல்கற்களாக உதவும். சுமார் 50,000 இடங்களை ஒரே நேரத்தில் படித்துவிடும் சிறு சில்லுகள் 2008 வாக்கில் பயனுக்கு வந்தன. மாட்டின் முழு டி.என்.ஏ. வரிசை 2009இல் வெளியானது.

முதலில் பால் அளவு பதிவு செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான மாடுகளின் டி.என்.ஏ.வைப் படிக்கிறார்கள். எந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தால் பால் சற்றுக் கூடுகிறது, எது இருந்தால் சற்றுக் குறைகிறது என்று கணிப்பொறி கணக்கிடுகிறது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. பிறகு புதிதாகப் பிறந்த ஒரு கன்றின் சில மயிர்க்கால்களையோ காதுத் துணுக்கையோ எடுத்து அதன் 50,000 எழுத்துகளையும் படித்து, அந்தச் சிறு விளைவுகளைக் கூட்டுகிறார்கள். கன்று கறவைக்கு வருமுன்பே, பிறந்த சில வாரங்களிலேயே ஒரு மதிப்பீடு கிடைத்துவிடுகிறது. அக்கா தங்கையரிடையே உள்ள வேறுபாடும் அதில் தெரியும்!

அமெரிக்கா 2009இல் கறவை மாடுகளுக்கு இம்முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது. அடுத்த தலைமுறைக் காளைகளுக்குத் தந்தையாகும்போது ஒரு காளையின் வயது முன்பு சுமார் 7 ஆண்டுகள். சில ஆண்டுகளிலேயே அது 2.5 ஆண்டுகளுக்கும் கீழே வந்துவிட்டது.

ஒரு காளை சொன்ன எச்சரிக்கை

இதைக் கேட்டதும், சிறந்த காளை ஒன்றைத் தேர்ந்து எல்லாப் பசுக்களுக்கும் அதையே பயன்படுத்தினால் என்ன என்று தோன்றும். 1962இல் அமெரிக்காவில் பிறந்த ‘பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப்’ என்ற ஹோல்ஸ்டீன் காளையின் கதை அதற்கு விடை. பால் வளம் மிக்க பரம்பரையைத் தந்த அந்தக் காளைக்கு 16,000 மகள்கள். பின்னர் அதன் வழித்தோன்றல்கள் உலகெங்கும் பரவின.

பல்லாயிரம் ஹோல்ஸ்டீன் மாடுகளின் டி.என்.ஏ.வைப் படித்தவர்கள் ஒரு புதிரைக் கண்டார்கள். சீஃப் வழி வந்த ஒரு துண்டு பல மாடுகளில் ஒற்றையாக இருந்தது. ஆனால் தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என்று அதே துண்டை இரட்டையாகப் பெற்ற மாடு ஒன்றுகூட அகப்படவில்லை. மெண்டலின் கணக்குப்படி, அதை ஒற்றையாகச் சுமக்கும் பசுவும் காளையும் சேர்ந்தால் நான்கில் ஒரு கன்றுக்கு இரட்டையாக வர வேண்டுமே! அந்தக் கன்றுகள் எங்கே?

அவை பிறக்கவே இல்லை. கருவிலேயே இறந்துவிட்டன. அந்தத் துண்டில் ஒரு பழுதான மரபணு ஒளிந்திருந்தது. அதனால் உலகெங்கும் சுமார் 5 லட்சம் கருக்கள் கலைந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். சீஃப் தந்த பால் வளத்தின் மதிப்பு இந்த இழப்பைவிடப் பல மடங்கு பெரியது என்பதும் உண்மையே. இன்று அந்தப் பழுதைச் சோதித்தறிந்து, அதைச் சுமக்கும் இரண்டு மாடுகள் சேராமல் தவிர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பழுது, கண்ணுக்குத் தெரியும் சிறப்பின் முதுகிலேறி வரலாம் என்பது இதில் நாம் கற்கும் பாடம்.

எதை அளப்பது என்பதும் முக்கியம். பாலை மட்டுமே பார்த்துத் தேர்ந்த காலத்தில் அமெரிக்கப் பசுக்களின் சினை பிடிக்கும் திறன் குறைந்துகொண்டே வந்தது. 2003இல் அங்கே அதையும் தேர்வுக் கணக்கில் சேர்த்தார்கள். கொல்லிமலைச் சரிவில் மேய்ந்து, உண்ணிக் கடியையும் தாங்கி, ஆண்டுக்கொரு கன்று ஈனும் பசு குறைந்த பாலே கறந்தாலும் அந்த வீட்டுக்கு அது லாபமாக இருக்கலாம். சாமையும் ராகியும் விளையும் துண்டு நிலத்தை உழுவதற்கும் மாடு வேண்டுமே!

நம் மாட்டுக்கு நம் அளவீடு

ஹோல்ஸ்டீனுக்காகச் செய்த சில்லு நம் மாட்டுக்கு உதவுமா? முழுமையாக உதவாது. திமில் கொண்ட நம் மாடுகளும் ஐரோப்பிய மாடுகளும் தனித்தனியே பழக்கப்படுத்தப்பட்டவை. அங்கே எழுத்து மாறும் பல இடங்களில் இங்கே மாறுவதில்லை. இங்கே மாறும் இடங்கள் அந்தச் சில்லில் இருப்பதில்லை. அதனால்தான் இந்திய மாடுகளுக்கென்று ‘கௌ சிப்’ என்ற தனிச் சில்லு உருவாக்கப்பட்டு, 2024 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் வாசிமில் வெளியிடப்பட்டது.

ஆனால் சில்லு மட்டும் இருந்தால் போதாது. எழுத்தைப் படித்தபின் அதற்குப் பொருள் சொல்ல, பால் அளவு எழுதி வைக்கப்பட்ட மாடுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். வேறோர் இடத்து மாடுகளின் பதிவைக் கொண்டு மலையில் வளரும் கலப்பின மாட்டுக்குச் சொல்லும் விடை அவ்வளவு சரியாக இராது. பல மாடுகளின் காதில் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணுக்கு எதிரே அளவு எழுதப்பட்டால்தான் எண்ணுக்குப் பயன் உண்டு.

அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். “இது யாரைப் போல வரும் என்று என்னால் சொல்ல முடியாதுங்க. இரண்டு அக்காக்களின் சராசரியை ஒட்டி வரலாம். மேலும் போகலாம், கீழும் போகலாம். ஆனால் மூன்று மாடும் தினம் கறப்பதை எழுதி வைத்தால், அடுத்து வருகிறவர் உங்களுக்கு என்னைவிட நல்ல பதில் சொல்வார்.” என் மாணவர் ஒருவர் நோட்டு ஒன்றில் கட்டங்கள் வரைந்து, அதைத் தொழுவத்துக் கம்பத்தில் நூலால் கட்டிவிட்டு வந்தார். கன்றை விற்கப் போவதில்லை என்று அந்த அம்மா முன்பே முடிவு செய்திருந்தார் என்பது கிளம்பும்போதுதான் தெரிந்தது. “கண்ணு நல்லா இருக்குது சார், பார்க்கலாம்” என்றார்.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு நாணயத்தை 30 முறை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுதுங்கள். இது அக்கா. மீண்டும் 30 முறை சுண்டி எழுதுங்கள். இது தங்கை. எத்தனை இடங்களில் இரண்டும் ஒத்துப்போகின்றன? சில முறை செய்தால் சராசரி 15ஐ நெருங்கும். 30க்கு 30ம் ஒத்துப்போகிறவரை சுண்டுவதற்கு உங்கள் ஆயுள் போதாது! பிறகு, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கறவை மாடு இருந்தால் ஒரு மாதம் காலையும் மாலையும் பாலை அளந்து எழுதுங்கள். அந்த எண்கள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று பார்த்தால், ஒரே நாள் கறவையை வைத்து மாட்டை மதிப்பிடுவது ஏன் தவறு என்பது நன்கு விளங்கும்.