கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது: திசையன்விளைப் பாசனதாரருக்குச் சட்டம் தரும் வழிகள்

திசையன்விளை வட்டாரத்துக் குளங்களுக்குத் தண்ணீர் வரும் வழி ஒன்றல்ல. திருக்குறுங்குடிக்கு மேலே மலையில் பிறந்து வரும் நம்பியாறு ஒன்று. 1958-இல் கட்டி முடித்த மணிமுத்தாறு அணையின் பிரதானக் கால்வாய் இன்னொன்று. அதன் நான்கு ரீச்சுகளில் 3, 4-ஆம் ரீச்சுகளே நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துக் குளங்களைத் தொடுகின்றன. ராதாபுரம் கால்வாய் கோதையாற்றுத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. கடைசியாக வந்தது தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டத்தின் வெள்ளநீர்க் கால்வாய். கன்னடியன் கால்வாயில் தொடங்கி எம்.எல். தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர் நீளும் இது, 2009-இல் 369 கோடி ரூபாய் மதிப்பில் அடிக்கல் கண்டு, செலவு ஆயிரம் கோடியைத் தாண்டிய பின் 2024-இல்தான் சோதனை ஓட்டம் பார்த்தது. எந்த வழியில் தண்ணீர் வந்தாலும் இந்த ஊர்களுக்கு வாய்த்த இடம் பெரும்பாலும் கடைமடைதான்.

மேலே நடக்கும் ஒவ்வொரு கோளாறும் கடைமடையில் வந்து சேரும். வரத்துக்காலில் மண்டிய சீமைக்கருவேலம், மேடிட்ட மண், உடைந்த ஷட்டர், நடுவழியில் போட்ட மோட்டார் என ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைத் தின்றுவிடும். அணை திறந்த அன்று எத்தனை கன அடி விட்டார்கள் என்பது செய்தியாகிறது. கடைசிக் குளத்து மடைக்கு எவ்வளவு வந்தது என்பதை யாரும் அளந்து சொல்வதில்லை. விவசாயிகளின் கோபத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் வந்து சேர்ந்தால் இந்த மண் என்ன செய்யும் என்பதற்கு ஆயன்குளம் சாட்சி. 2021 இறுதியில் பெய்த மழையின் வெள்ளம் அங்குள்ள ஒரு கிணற்றுக்குள் நாள்கணக்கில் பாய்ந்தும் கிணறு நிரம்பவில்லை. சென்னை ஐஐடி குழு வந்து ஆராய்ந்தது. நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையில் உள்ள குகை போன்ற இடைவெளிகள் வழியே நீர் பரவுவதாகக் கூறியது. (கிணற்றுக்குள் நேரடியாக விழும் வெள்ளம் கழிவையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோகும் என்பதைப் பரபரப்பில் பலர் மறந்தார்கள்.)

பராமரிப்பு யாருடைய வேலை? பழைய ஏற்பாடு குடிமராமத்து: ஊரே கூடித் தூர்வாருவது. வராதவர்களைச் சட்டத்தால் இழுக்க 1858-லேயே கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆகவே அந்தக் காலத்தைப் பொற்காலமாக நினைத்து ஏங்கத் தேவையில்லை. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் கொண்டுவந்த திட்டத்தில் பாசனதாரர் பங்கு 10 சதவீதம். சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர்களே வேலை பார்ப்பதாகப் பல இடங்களில் புகார் எழுந்தது.

இன்றைய நிலையில் பொறுப்பு மூன்று கைகளில் இருக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் பொதுவாக நீர்வளத் துறையைச் சேர்ந்தது. 2021-இல் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த துறை இது. அதற்குக் கீழான குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். நிலத்தின் எல்லையும் ஆக்கிரமிப்பும் வருவாய்த் துறையின் பாடு. மனுக்கள் பல அலுவலகம் அலுவலகமாக அலைவதற்குக் காரணம், எந்தக் குளம் யாருடையது என்று பாராமல் எழுதுவதே. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, புல எண்ணோடு எழுதிய மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

அடுத்த ஆயுதம் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, தண்ணீர் வராத கால்வாயில் கடைசியாகத் தூர்வாரிய ஆண்டு, மதிப்பீடு, அளவுப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. எம்-புக் என்று அலுவலகங்களில் சொல்லும் அந்த அளவுப் புத்தகத்தில் எத்தனை மீட்டர் தோண்டியதாக எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, நாடாவோடு கால்வாய்க்குப் போனால் பாதி உண்மை தெரிந்துவிடும். அந்தத் தாளோடு மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்குப் போவது வேறு, வெறுங்கையோடு போய்க் குமுறுவது வேறு. ஒன்றியக் குளமானால் கிராம சபைத் தீர்மானமும் உதவும்.

ஆக்கிரமிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், பொதுப்பணித் துறை வசம் இருந்த குளங்களுக்கானது. ஒன்றியக் குளத்துக்கும் மற்றப் புறம்போக்குக்கும் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே வழி. எதைக் குறிப்பிட்டு எழுதுகிறோம் என்பதில் தவறினால் மனு திரும்பி வரும். பாசனதாரரே சங்கம் அமைத்து நீர்ப் பங்கீட்டிலும் பராமரிப்பிலும் சட்டப்படி இடம்பெற, 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் வகை செய்கிறது.

இவை எதுவும் அசையாதபோது நீதிமன்றம். தாமிரபரணியின் கடைசித் தடுப்பணையான ஸ்ரீவைகுண்டத்தில் தூர்வாரும் பணி 2015-இல் தொடங்கியது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகுதான். தீர்ப்பாயத்தில் சுற்றுச்சூழல் தகராறு குறித்த மனுவை, காரணம் எழுந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் தர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது.

பொறுமையிழந்து ஜேசிபியை இறக்குவதில் ஆபத்து அதிகம். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே தேங்கும் நீர் மதகு வழியே வயலுக்கு ஏறாது. கரையை ஒட்டித் தோண்டினால் அடுத்த மழையில் கரையே போகும். அனுமதியின்றி மண் எடுப்பது கனிமச் சட்டப்படி குற்றம். முறையான வழி இருக்கிறது: அனுமதித்த குளங்களில் விவசாயத்துக்கு வண்டலை இலவசமாக எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் வரை. அந்த அனுமதிச் சீட்டில் வெளியூர் லாரிக்கு மண் ஏறுவதைக் கண்டால் வட்டாட்சியரிடமோ மாவட்டக் கனிமவள அலுவலகத்திலோ எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைக்க வேண்டும்.