சமைத்தவர் கிடைப்பார், சாப்பிட்டவர்?

பரணிலிருந்து ஒரு பித்தளை அண்டாவை இறக்கினால் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும், சிலதில் வருஷமும் இருக்கும். அதில் என்ன சமைத்தார்கள், யார் சாப்பிட்டார்கள் என்று அண்டா சொல்லாது. சாப்பாடு அன்றே தீர்ந்தது; பாத்திரத்தைத் துலக்கிக் கவிழ்த்தும் ஆயிற்று. இங்கிலாந்தில் பழைய மருத்துவர்களையும் நோயாளிகளையும் தேடும் வம்சாவளி ஆய்வும் இந்த அடுப்படிக் கணக்குதான். மருத்துவர், பெயர் வெட்டிய பாத்திரம். நோயாளி பெற்ற சிகிச்சை, தீர்ந்துபோன சாப்பாடு.

மருத்துவர் பெயரை வெட்டிவைக்கக் காரணம் போலிகள் மேல் இருந்த பயம். எட்டாம் ஹென்றி காலத்தில், 1511இல் வந்த சட்டப்படி வைத்தியம் பார்க்க பிஷப்பின் அனுமதி வேண்டும். அதனால் அந்தக் காலத்து வைத்தியரைத் தேடுபவர் முதலில் புரட்ட வேண்டியது மறைமாவட்ட ஏடுகளை. பிறகு 1815இல், மருந்து கலந்து கொடுத்து வைத்தியமும் பார்த்த அப்போதிகரிகளுக்கான சட்டம் வந்தது. ஒரு குருவிடம் ஐந்து வருஷம் தொழில் பழகிவிட்டுத்தான் உரிமத் தேர்வுக்கு வர முடியும். வந்தவரின் வயதுக்கு ஆதாரம், குருவின் பெயர், கேட்ட விரிவுரைகள் எல்லாம் பதிவேட்டில் ஏறின. வம்சாவளி தேடுபவருக்கு இதைவிட ருசியான ஏடு கிடையாது என்பேன். படித்த கதை மட்டுமல்ல, வளர்ந்த கதையும் அதில் தட்டுப்படும்.

1858இன் மருத்துவச் சட்டத்துக்குப் பிறகு வேலை சுலபம். 1859 முதல் ‘மெடிக்கல் ரெஜிஸ்டர்’ அச்சானது: பெயர், முகவரி, பட்டம், பதிவான தேதி, அவ்வளவுதான். 1845இல் லண்டனில் தொடங்கிய ‘மெடிக்கல் டைரக்டரி’ வேறு ரகம். அதில் இருப்பது மருத்துவர்களே எழுதி அனுப்பிய விவரம். வகித்த பதவிகள், எழுதிய கட்டுரைகள், சேர்ந்த சங்கங்கள் என்று நீளும். தன் சாம்பாரைத் தானே மெச்சிக்கொள்வதுபோல்தான். கொஞ்சம் உப்புக் குறைத்துப் படித்தால் போதும், ஒதுக்கிவிட வேண்டாம்.

ரெஜிஸ்டரில் ஒரு வழுக்கலும் உண்டு. பதிவாளர் எழுதிய கடிதத்துக்கு ஆறு மாதத்தில் பதில் வராவிட்டால் பெயரை நீக்கலாம் என்று அதே 1858 சட்டம் சொன்னது. வீடு மாறியவர், கப்பலேறியவர், கடிதத்தை மேஜையில் போட்டு மறந்தவர் என எல்லாரும் இப்படிக் காணாமல் போகலாம். ‘அடுத்த பதிப்பில் இல்லை, ஆகவே இறந்துவிட்டார்’ என்று குடும்ப மரத்தில் எழுதுவதற்கு முன் இன்னும் சில வருஷப் பதிப்புகளைப் பாருங்கள்.

கப்பலேறியவர் கிழக்கிந்தியக் கம்பெனியிலோ இந்திய மருத்துவப் பணியிலோ சேர்ந்திருந்தால் டி. ஜி. கிராஃபோர்டு தொகுத்து 1930இல் வெளிவந்த பெரும்பட்டியல் இருக்கிறது. 1615 முதல் 1930 வரை, வங்காளம், சென்னை, பம்பாய் என்று மாகாணவாரியாக அலுவலர்கள் வரிசையாக வருகிறார்கள். பணியில் சேராதவர்களுக்கு அது உதவாது. உதாரணத்துக்கு, மருத்துவர் மேரி ஷார்லீப் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர்; 1882இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். இப்படிப்பட்டவரை ஒரே ஊரின் ஏட்டில் தேடினால் பாதி வாழ்க்கை தப்பிவிடும்.

இனி சாப்பிட்டவர் பக்கம். தொடங்க நல்ல இடம் இறப்புச் சான்றிதழ். 1874இன் சட்டத்துக்குப் பிறகு, கடைசி நோயைக் கவனித்த மருத்துவர் இறப்புக்கான காரணத்தை எழுதித் தர வேண்டியிருந்தது. அதனால் கொள்ளுப்பாட்டனாரின் சான்றிதழிலேயே அவரைப் பார்த்த மருத்துவரின் பெயரும் பட்டமும் கிடைக்கும். அந்தப் பெயரை டைரக்டரியில் பிடித்தால் அவர் எந்த மருத்துவமனையில் வேலை பார்த்தார் என்பது தெரியும். அடுத்து அந்த மருத்துவமனையின் சேர்க்கைப் பதிவேடு.

சேர்க்கைப் பதிவேடு மளிகைக் கடை நோட்டு மாதிரி. என்ன குழம்பு வைத்தார்கள் என்று அதில் இராது. எந்த வீட்டுக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு புளி போயிற்று என்று இருக்கும். பெயர், வயது, வீடு, நோய், குணமானாரா இறந்தாரா என்பதுவரை அங்கே கிடைக்கும். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை தொடங்கிய 1852 முதல் 1914 வரையிலான சேர்க்கைகளை இணையத்திலேயே தேடும்படி தொகுத்திருக்கிறார்கள். மருத்துவர் கைப்பட எழுதிய சிகிச்சைக் குறிப்புகள்தான் அரிது. இடமில்லை என்று பல இடங்களில் கழித்துக்கட்டினார்கள். விதிவிலக்கு மனநல விடுதிகள். அவற்றின் நோயாளிக் குறிப்பேடுகள் தடிதடியாகத் தப்பியிருக்கின்றன, சிலவற்றில் புகைப்படமும் உண்டு. ஆனால் நோயாளிகளின் பதிவுகளைப் பொதுவாக நூறு ஆண்டுகள் பூட்டியே வைக்கிறார்கள்.

இன்னொன்று. வசதியான வீட்டு முன்னோரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவமனை ஏடுகளில் தேடி அலைய வேண்டாம். அந்த மருத்துவமனைகளுக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஏழைகள். பணமுள்ளவரின் வீட்டுக்கு மருத்துவரே வந்தார். குடும்பக் காகிதங்களில் கிடக்கும் பழைய பில்லோ, மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒதுங்கிய அந்த மருத்துவரின் கணக்கு நோட்டோ அகப்பட்டால் உண்டு. அந்த மருத்துவரின் பெயரைப் போட்டு பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் தேடிப் பார்க்கலாம்.